தெருப் பெயரில் ஒட்டிய ஜாதி! கவுன்சில் தீர்மானத்தில் கழலுமா?

தஞ்சை:-

பேனா ஓடிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது.

வேலைக்கு மனு போடும் பையன். பெயர் எழுதியாச்சு. தகப்பனார் பெயர் எழுதியாச்சு. கதவு எண் எழுதியாச்சு. அடுத்து தெரு. அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் போதும், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் பையன் எந்த ஜாதி என்று தெரிந்துபோகும். பாரத்தில் ஜாதிக்கென்று கட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

வேலை மனு மட்டும் அல்ல. வாடகைக்கு வீடு கேட்கப் போனால் "தம்பி எந்தத் தெரு?" என்பார்கள். அடகுக் கடையில் ரசீதுக்குக் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் திண்ணையில் உட்காருவதற்கு முன்பே கேட்பார்கள். கேள்வி தெருவைப் பற்றித்தான். பதில் வேறு ஒன்றுக்கு.

இந்தத் தெருப் பெயர்களை மாற்றுவதற்காகத்தான் சர்க்கார் இரண்டு முறை உத்தரவு போட்டது. 1978-ல் ஒரு முறை. 2025-ல் மறு முறை. இரண்டு முறையும் உத்தரவு கோட்டையில் பிறந்தது, வேலை வந்து விழுந்தது முனிசிபல் கவுன்சில் மேஜையில்.

இதன் விவரம் வருமாறு:-

அக்டோபரில் வந்த உத்தரவு

2025-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி. முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் சட்டசபையில் ஒரு அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் வசைச் சொல் மாதிரி ஆகிவிட்டது, அதை அரசு ஆவணங்களில் இருந்தும் பொதுப் புழக்கத்தில் இருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் சாரம்.

அதே வருஷம் அக்டோபர் 6-ந் தேதி அரசாணை வெளியானது. ஊர், தெரு, சாலை, குளம் என்று எதன் பெயரில் ஜாதி ஒட்டிக்கொண்டிருந்தாலும் கண்டுபிடித்துப் பட்டியல் போடு. ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேள். பெயரை மாற்று. ஆதிதிராவிடர் காலனி, ஹரிஜன் குடியிருப்பு, வண்ணான்குளம் என்று உதாரணமும் கொடுத்திருந்தது. பதிலுக்குப் புலவர்கள், தலைவர்கள், பூக்கள் பெயரை வைக்கலாம் என்றும் யோசனை சொல்லியிருந்தது. கெடு, நவம்பர் 19.

ஆறு வாரத்தில் ஆயிரம் வருஷத்தைக் கழுவு என்றால் ஆகிற காரியமா? மாநகராட்சி குமாஸ்தாக்கள் வரி ரிஜிஸ்தரைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

மூன்றே நாள் கழித்து, அக்டோபர் 9-ந் தேதி, கோவை அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. வைத்த பெயர், ஜி.டி.நாயுடு மேம்பாலம்! பிடித்துக்கொண்டார்கள். "ஜாதிப் பெயரை எடு என்று ஆணை போட்ட கை, அதே வாரத்தில் 'நாயுடு' என்று பெயர்ப் பலகை வைக்கிறதே" என்று கேள்வி கிளம்பியது. 'நாயுடு'வை எடுத்துவிட்டால் அது யார் என்றே தெரியாது என்று ஆளும் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். விஞ்ஞானி ஜி.டி.நாயுடுவை 'ஜி.டி.' என்று சொன்னால் கோவைக்காரரே இரண்டு தடவை யோசிப்பார்.

அந்த மாதமே விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. பட்டியல் எடுக்கிற வேலை நடக்கட்டும், இறுதி முடிவு எடுக்க வேண்டாம் என்கிற விதமாக ஐகோர்ட்டின் மதுரைக் கிளை இடைக்கால உத்தரவு போட்டது.

"டாக்டர் ரோடு எங்கே?"

இந்தச் சிக்கல் புதுசு அல்ல. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே வந்துவிட்டது. தெருப் பெயர்களில் உள்ள ஜாதி வாலை வெட்டுங்கள் என்று அப்போதும் உத்தரவு. பெயிண்டும் பிரஷ்ஷுமாக ஆட்கள் கிளம்பினார்கள். சென்னையில் டாக்டர் நாயர் ரோடு இருந்தது. 'நாயர்' ஜாதிப் பெயர் ஆயிற்றே! அழித்தார்கள். மிச்சம் என்ன? 'டாக்டர் ரோடு'. எந்த டாக்டர்? யாருக்கும் தெரியாது.

அந்த நாயர் வேறு யாரும் இல்லை. டி.எம்.நாயர். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஜாதி ஆதிக்கத்தை எதிர்த்தவர் பெயரே ஜாதி ஒழிப்பில் அடிபட்டுப் போனது. ஜி.என்.செட்டி ரோடும் 'ஜி.என்.ரோடு' ஆனது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் 'ஜி.என்.செட்டி ரோடு' என்றால்தான் வண்டி திரும்புகிறது.

பெயரில் இருந்து ஜாதியை வெட்டுவது இதற்கும் முந்திய கதை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது மனிதர்கள் பெயருக்கு. மனிதர் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. தெருவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. தெருவுக்காகக் கவுன்சிலர் பேச வேண்டும்.

தஞ்சையில் எதை வெட்டுவது?

தஞ்சாவூரில் ஒரு ரவுண்டு அடித்தால் குமாஸ்தாவின் தலைவலி புரியும்.

பெரிய கோயில் பக்கம் சேவப்பநாயக்கன் வாரி. 16-ம் நூற்றாண்டில் தஞ்சையின் முதல் நாயக்க மன்னராக இருந்த சேவப்ப நாயக்கர் பெயர் அது. இதில் 'நாயக்கன்' ஜாதியா, பட்டமா? ராஜாவின் பட்டம் என்றால் விட்டுவிடலாம். ஜாதி என்றால் வெட்ட வேண்டும். வெட்டினால் 'சேவப்பன் வாரி'. சேவப்பன் யார் என்று அடுத்த தலைமுறை கேட்கும்.

ஆபிரகாம் பண்டிதர் சாலைக்கு வருவோம். 1859-ல் பிறந்து 1919-ல் மறைந்த சித்த மருத்துவர், 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலை எழுதியவர். 'பண்டிதர்' அவர் வைத்தியத்துக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் ஜாதியின் பெயராகவும் சில ஊர்களில் அந்தச் சொல் வழங்குகிறதே என்று ஒரு ஆள் கிளப்பிவிட்டால் போதும், ஃபைல் ஆறு மாதம் தூங்கும்.

பள்ளியக்ரகாரம் இருக்கிறது. பூக்காரத் தெரு இருக்கிறது. பூ விற்பது தொழில். ஜாதி ஆகாது என்று விட்டுவிடலாம். அப்படியானால் துணி வெளுப்பதும் தொழில்தானே, வண்ணாரத் தெரு மட்டும் ஏன் பட்டியலில் வருகிறது? ஏனென்றால், பூக்காரத் தெரு என்று சொல்லும்போது எவரும் குரலைத் தாழ்த்துவதில்லை. வித்தியாசம் அந்தக் குரலில் இருக்கிறது. அதை அரசாணையில் எப்படி எழுதுவது?

குடந்தையில் டபீர் தெரு. மராட்டியர் காலத்து உத்தியோகப் பெயர் அது. 'டபீர்' என்றால் ஏதோ ஜாதி என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொண்டாலும் ஆச்சரியம் இல்லை.

ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியை யாரும் தொட மாட்டார்கள். மிராசு ஜாதி இல்லை, நிலம்! (நிலம் யார் கையில் இருந்தது என்பது வேறு சமாசாரம்.)

கரந்தை ஒரு வழி காட்டுகிறது. 1911-ல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. அதன் முதல் தலைவரான உமாமகேசுவரம் பிள்ளையை இன்று தமிழ் படித்தவர்கள் 'உமாமகேசுவரனார்' என்கிறார்கள். வால் போச்சு, மரியாதை குறையவில்லை, ஆளும் மறையவில்லை. எல்லாப் பெயருக்கும் இந்த 'னார்' ஒட்டாது. சேவப்பனார் என்று சொல்லிப் பாருங்கள்.

கல்லில் வெட்டிய முகவரி

இந்த ஊரின் முகவரிகளுக்கு ஆயிரம் வருஷத்து ரிக்கார்டு இருக்கிறது. எங்கேயும் தேட வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில், பெரிய கோயில் சுவரில் வெட்டியிருக்கிறது.

ராஜராஜ சோழன் கோயிலைக் கட்டி முடித்தது 1010-ம் ஆண்டு வாக்கில். கோயிலுக்கு ஊர்களை எழுதி வைத்தபோது, ஒவ்வொரு ஊரிலும் எந்த நிலத்துக்கு வரி, எதற்கு வரி இல்லை என்று கணக்குப் போட்டு வெட்டினார்கள். வரி இல்லாத இடங்களின் பட்டியலில் குளம் வருகிறது, வாய்க்கால் வருகிறது, கோயில் வருகிறது, சுடுகாடு வருகிறது. அதே வரிசையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, தீண்டாச்சேரி என்றும் வருகின்றன. சில ஊர்களில் சுடுகாட்டிலும் பிரிவினை, பறைச்சுடுகாடு தனி.

ஆக, ஜாதிப் பெயரில் முகவரி என்பது சோழர் காலத்து ரெவின்யூ ரிக்கார்டிலேயே ஏறியாச்சு.

ஆனால் அதே சுவரில் வேறு மாதிரி முகவரியும் இருக்கிறது. கோயிலில் ஆடவும் பாடவும் சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இருந்து 400 பெண்களை வரவழைத்து, தளிச்சேரி என்ற குடியிருப்பில் ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று கொடுத்தார் ராஜராஜன். அந்த 400 பேரின் பெயரும் விலாசமும் கல்லில் இருக்கிறது. எப்படித் தெரியுமா? இன்ன தளிச்சேரி, தென் சிறகு, தலை வீடு. அடுத்தது இரண்டாம் வீடு. அடுத்தது மூன்றாம் வீடு. அதாவது கதவு எண்! தஞ்சாவூரில் டோர் நம்பர் வந்து ஆயிரம் வருஷம் ஆகிறது.

நகரத்தின் தெருக்களுக்கும் விதவிதமாகப் பெயர். சூரசிகாமணிப் பெருந்தெரு, வீரசோழப் பெருந்தெரு என்று ராஜாவின் பட்டங்கள். ஆனையாட்கள் தெரு, வில்லிகள் தெரு, மடைப்பள்ளித் தெரு என்று உத்தியோகங்கள். திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று ஒரு மார்க்கெட். இன்றைக்கு அந்தப் பெயர் ஒன்றாவது வாயில் வருகிறதா? ராஜாவே வைத்த பெயர், கல்லிலே வெட்டிய பெயர், போயே போச்சு. ஆனால் 'சேரி' மட்டும் போகவில்லை.

எந்தத் தீர்மானமும் இல்லாமல் பெயர் மாறுவதும் உண்டு. மகர்நோன்புச்சாவடியை ஜனங்கள் மென்று மென்று மானம்புச்சாவடி ஆக்கிவிட்டார்கள். கல்லணைக் கால்வாய் என்று பொதுப்பணித்துறை எழுதும், தஞ்சைக்காரர் புது ஆறு என்பார். 1934-ல் வெட்டி முடித்த ஆறு இன்னமும் புது ஆறுதான்.

அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி

டெல்டா கிராமத்தின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் அக்ரகாரம். நடுவில் குடியானத் தெரு. வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, சேரி. ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியல் பேராசிரியர் 1961-62-ல் திருவையாறு பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தார். ஊர்ப் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று வைத்து 1965-ல் புத்தகம் போட்டார். அவர் அங்கே கண்டதும் இந்த மூன்று பாகம்தான். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதே ஊரின் சட்டமாக இருந்தது.

அந்தச் சட்டத்தின் கொடுமை எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்தப் பூமி 1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ராத்திரி பார்த்தது. கீழ்த் தஞ்சையில் கீழ்வெண்மணி. கூலி நெல் தகராறு. சேரித் தெருவில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கியவர்களை வைத்துத் தீ மூட்டினார்கள். 44 பேர் கரிக்கட்டை ஆனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

சர்க்கார் மனைப் பட்டா கொடுத்து, வீடு கட்டிக் கொடுத்து, 'சேரி'யைக் 'காலனி' ஆக்கியது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஓட்டு வீடு வந்தது, கரண்ட் வந்தது. ஆனால் இடம் மாறவில்லை. ஊருக்கு வெளியேதான் காலனி. கொஞ்ச காலத்தில் 'சேரி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'காலனி' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். "காலனிப் பசங்க" என்றால் அர்த்தம் வேறு.

அதே சொல் டவுனில் கௌரவம்! தஞ்சையில் முனிசிபல் காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் விலாசம் சொல்லும்போது கூசுவதில்லை. ஹவுசிங் போர்டு காலனி, பேங்க் ஆபீசர்ஸ் காலனி என்று ஊருக்கு ஊர் உண்டு. ஒரே சொல், பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் போனால் தலைகீழாக மாறிவிடுகிறது. இத்தனைக்கும் அந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் 'உழுது பயிரிடுவது' என்ற பொருளில் இருந்து வந்தது. நாற்று நட்டவர்களுக்கு அது வசவாகப் போனதுதான் வேடிக்கை.

'ஹரிஜன்' என்ற சொல்லுக்கும் இதே கதி. 1930-களில் காந்தி பரப்பிய பெயர். மரியாதையாகத்தான் தொடங்கியது. வேண்டாம் என்று அந்த மக்களே சொன்னார்கள். சான்றிதழ்களில் அந்தச் சொல்லை எழுதாதே என்று 1982-ல் மத்திய சர்க்கார் சுற்றறிக்கை விட்டது. ஆனாலும் நாற்பது வருஷம் கழித்து, 2025-ம் ஆண்டு அரசாணையிலும் 'ஹரிஜன் குடியிருப்பு' என்பது உதாரணமாக வருகிறது என்றால், பலகையை யாரும் கழற்றவில்லை என்றுதானே அர்த்தம்?

'ஆல் பாஸ்' ஆகுமா?

சரி, ஒரு தெருவின் பெயர் எப்படி மாறும்?

புதுசாகப் போட்ட தெருவுக்குப் பெயர் வைப்பது கவுன்சிலின் அதிகாரம். ஏற்கெனவே உள்ள பெயரை மாற்ற வேண்டுமானால் கவுன்சில் தீர்மானம் போட்டு சர்க்காரின் ஒப்புதல் பெற வேண்டும். தஞ்சை, குடந்தை இரண்டுமே 1866-ல் முனிசிபாலிட்டி ஆனவை. தஞ்சை 2014-ல் மாநகராட்சி ஆனது, 51 வார்டுகள். குடந்தை 2021-ல் ஆனது, 48 வார்டுகள். மாநகராட்சியில் பணிக் குழு, சுகாதாரக் குழு, கல்விக் குழு, நகரமைப்புக் குழு, வரி விதிப்பு நிதிக் குழு, கணக்குக் குழு என்று நிலைக்குழுக்கள் உண்டு. குழுவில் பேசி, குறிப்பு எழுதி, பொருள் எண் போட்டு மன்றத்துக்கு வரும்.

மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு என்று ஒரு மணி நேரம் கூச்சல். பிறகு "பொருள் எண் 1 முதல் 60 வரை..." "ஆல் பாஸ்!" அந்த அறுபதுக்குள் ஒரு தெருவின் பெயரும் போய்விடலாம். அந்தத் தெருக்காரர் மறுநாள் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இதற்குத்தான் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் வந்தன. 2022 நவம்பர் 1-ந் தேதி உள்ளாட்சி தினம் என்று கொண்டாடி, கிராமசபை மாதிரி நகரத்திலும் சபைகளைக் கூட்டினார்கள். கவுன்சிலர்தான் தலைவர். ஜனங்கள் நேரில் வந்து பேசலாம், மனு கொடுக்கலாம். தெருப் பெயர் மாதிரி விஷயம் முதலில் அங்கேதான் வர வேண்டும். அங்கே தெருக்காரர் வாய் திறக்காவிட்டால் மேலே போகிற குறிப்பில் "ஆட்சேபணை இல்லை" என்றுதான் இருக்கும்.

சாதாரண ஆளின் குரலுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்றால், கிடைத்ததும் உண்டு. குடந்தை மாநகராட்சியின் முதல் மேயராக 2022 மார்ச் 4-ந் தேதி பதவி ஏற்ற காங்கிரஸ் கட்சியின் சரவணன், ஆட்டோ டிரைவர். பதவி ஏற்கவும் ஆட்டோவிலேயே வந்தார். ஒவ்வொரு தெருவின் பெயரும், அதற்கு ஜனங்கள் வைத்த பட்டப் பெயரும் ஆட்டோக்காரரை விட வேறு யாருக்குத் தெரியும்?

"வேண்டாம்" என்பவர்கள்

பெயர் மாற்றம் என்றதும் எல்லோரும் கை தட்டுவதில்லை. 'வேண்டாம்' என்பவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

ஒரு பக்கம், தங்கள் ஜாதிப் பெயரில் தெரு இருப்பதைப் பெருமையாக நினைப்பவர்கள். "எங்க தாத்தா காலத்துப் பெயர், இதில் என்ன கேவலம்?" என்பது அவர்கள் வாதம். கேவலம் இல்லைதான். பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது என்ற கேள்விக்குப் பதில் வராது.

மறு பக்கம், காலனியில் குடியிருப்பவர்களிலேயே யோசிப்பவர்கள். அவர்கள் கவலை நியாயமானது. பட்டா அந்தப் பெயரில் இருக்கிறது. நாளைக்குப் பெயர் 'மல்லிகை நகர்' ஆகிவிட்டால், இது ஆதிதிராவிடருக்கு ஒதுக்கின மனை என்பதற்கு அத்தாட்சி எங்கே? வேறு ஆள் வந்து வேலி போட்டால்? இன்னொரு கவலையும் உண்டு. சாக்கடை வராத தெரு, குழாய் வராத தெரு எது என்று பட்டியல் எடுத்தால் இன்றைக்குப் பெயரைப் பார்த்தாலே விஷயம் வெளுத்துப் போகும். பெயர் போய்விட்டால் அந்தக் கணக்கு மறைந்துபோகும். பலகையில் மல்லிகை, காலடியில் சாக்கடை என்று ஆகிவிடக் கூடாதே!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பட்டாவின் பலம் சர்வே எண்ணில் இருக்கிறது, தெருப் பெயரில் இல்லை. மக்கள் தொகைக் கணக்கும் பெயர்ப் பலகையை வைத்து எடுப்பது இல்லை. ஆனால் இதை வார்டு கமிட்டியில் எழுந்து நின்று தாசில்தார் ஆபீஸ்காரரோ மாநகராட்சிக்காரரோ சொன்னால்தானே ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்? ஆறு வாரக் கெடுவில் அதற்கெல்லாம் ஏது நேரம்?

தலைவர் பெயர் வைத்தால்?

ஜாதியை எடுத்துவிட்டுத் தலைவர் பெயர் வைப்பது சுலபம் என்று தோன்றும். 1997-ல் என்ன நடந்தது என்று பஸ்ஸில் போகிறவர்களுக்கு நினைவிருக்கும்.

1972-ல் தொடங்கியதில் இருந்து குடந்தை பஸ் கம்பெனிக்குப் பெயர் சோழன் போக்குவரத்துக் கழகம். திருச்சிக்கு தீரன் சின்னமலை, காரைக்குடிக்கு மருதுபாண்டியர், மதுரைக்குப் பாண்டியன். 1997-ல் தெற்கே வீரன் சுந்தரலிங்கம் பெயரில் புதுக் கழகம் என்றதும் அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்ப, கலவரம் வெடித்தது. ரத்தம் சிந்திய பிறகு கருணாநிதி அரசு ஒரே போடாகப் போட்டது. எந்தக் கழகத்துக்கும் எந்த மாவட்டத்துக்கும் ஆள் பெயரே வேண்டாம்! ஒன்றும் அறியாத சோழனும் சேர்த்துப் போனான். நாகை காயிதே மில்லத் மாவட்டம் மறுபடி நாகப்பட்டினம் ஆனது. தலைவர்களுக்கும் ஜாதி பார்க்கிற ஊரில் தலைவர் பெயரும் ஜாதிப் பலகை ஆகிவிடும் என்பதை அன்றைக்குக் கண்டார்கள்.

ஊர்ப் பெயர் மாறி யாரும் சண்டை போடாததும் உண்டு. மாயவரம், மாயூரம் என்று இருந்தது 1982-ல் மயிலாடுதுறை ஆனது. பழைய தமிழ்ப் பெயர்தான், ஜாதிக்கு அங்கே வேலை இல்லை. 2020-ல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. டிக்கெட் கேட்கும்போது 'மாயவரம் ஒண்ணு' என்பவர்கள் மட்டும் மாறவில்லை.

பேசாமல் எண் கொடுத்துவிடலாமா? பஞ்சாபுக்கும் அரியானாவுக்கும் தலைநகரான சண்டிகரில் பேட்டைகளுக்கு செக்டர் எண்தான். அங்கேயும் ராசி பார்த்து 13-ம் எண்ணை ஆரம்பத்தில் விட்டுவிட்டார்கள்! நமக்கும் 1972-ல் பின்கோடு வந்தது. தஞ்சாவூர் 613001, கும்பகோணம் 612001. அந்த ஆறு இலக்கத்தில் ஜாதி கிடையாது. ஆனால் எண்ணைப் பார்த்து எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க முடியாது. தபால்காரருக்குத் தெருவும் வேண்டும்.

ஸ்கூல் போர்டும் ஹாஸ்டல் போர்டும்

தெருவுக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் இந்தப் பேச்சு வந்துவிட்டது. நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் கமிட்டியாகப் போட்டார்கள். 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிகளின் பெயரில் ஜாதி கூடாது என்பது அதில் ஒன்று. 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள்.

விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. காலேஜில் "எங்கே தங்கியிருக்கே?" என்று கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளை லீவுக்கு வீட்டுக்கு வந்தால் பஸ் ஸ்டாப்பில் பழைய பலகை நிற்கிறது.

பெயர் மாறினால் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் தெருவின் பெயர் பட்டியலில் வந்தால், தீர்மானம் ஆன பிறகு ஓடுவதில் பிரயோசனம் இல்லை. வார்டு கூட்டத்துக்கு நோட்டீசு வரும்போதே போக வேண்டும். ஆட்சேபணையோ ஆதரவோ எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். புதுப் பெயர் என்ன என்பதையும் தெருக்காரர்களே எழுதிக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் ஆபீசில் இருப்பவர் பூ ஒன்றைப் பொறுக்கி வைத்துவிடுவார்.

பெயர் மாறிவிட்டால் வேலை நிறைய. ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கேஸ் புக்கு, பேங்க் பாஸ்புக்கு, வீட்டு வரி, கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு நாள் என்று லீவு போட்டால் அந்த வாரத்துக் கூலி போச்சு. மாநகராட்சியே தெரு முனையில் முகாம் போட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தால் ஒழிய, பாதிப் பேர் பழைய விலாசத்திலேயே இருப்பார்கள்.

கிரயப் பத்திரத்துக்குப் பயம் வேண்டாம். பழைய பத்திரம் பழைய பெயரிலேயே செல்லும். அடுத்த பத்திரம் எழுதும்போதுதான் பத்திர எழுத்தர் இரண்டு பெயரையும் சேர்த்துப் போடுவார். புதுப் பெயரை எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'பழைய பெயர்' என்று அதே ஜாதிப் பெயரை எழுதுவார்.